அய்யன் ஏன் கறுப்பா விழுறாரு? தண்ணிக்குள்ள நிக்கிற சிலைகளும் உங்க கேள்விகளும்

போன மாசம், கடல்லயோ ஏரியிலயோ நிக்கிற சிலைகளை போட்டோ எடுக்கறதுல என்ன கஷ்டப்படறீங்கன்னு எழுதச் சொல்லியிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையைப் பத்திதான், மீதியில ஹைதராபாத்ல இருந்து லிவர்பூல் வரைக்கும் இருக்கு. ஒரே கேள்வியை பத்து பேர் கேட்டிருந்தா ஒண்ணை மட்டும் எடுத்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, நான் காலேஜ் ஸ்டூடண்ட். சன்ரைஸுக்கு நாலு தடவை போயிட்டேன், ஒவ்வொரு தடவையும் வானம் சூப்பரா வருது, அய்யன் மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பா விழுறாரு. பிரைட்னஸ் ஏத்தினா அவர் தெரியறாரு, வானம் வெள்ளைத்தாள் ஆயிடுது. கேமரா பிரச்சனையா, என் பிரச்சனையா? (நாகர்கோவில்)

பதில்: ரெண்டும் இல்ல தம்பி, சூரியன் பிரச்சனை. அய்யன் கரையைப் பார்த்து நிக்கிறாரு, நீ கரையில நிக்கிற, சூரியன் அவர் முதுகுப் பக்கம் கடல்ல இருந்து ஏறுது, அப்போ நீ பாக்குறது அவரோட நிழல் பக்கம். அந்தக் கருங்கல் நிழலுக்கும் சூரியனை ஒட்டின வானத்துக்கும் இருக்கற வித்தியாசம் எந்த கேமராவோட ஜேபெக்லயும் அடங்காது. நம்ம கண்ணு அங்க இங்க தாவித் தாவி ரெண்டையும் பார்த்துக்குது, கேமராவுக்கு ஒரே பார்வைதான்.

அதனால கரைக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோ, இன்னைக்கு எதை விட்டுக்கொடுக்கப் போறோம், முகத்தையா வானத்தையா? ரெண்டும் வேணும்னு நின்னா ரெண்டுமே அரைகுறையாத்தான் வரும், நானே அப்படி ரெண்டு வருஷம் வீணாக்கினவன்.

வானம் வேணும்னா சிலையை முழுக்க நிழலுருவமா விட்டுடு, ஆனா நிக்கிற இடத்தை மாத்து. அய்யனோட வலது கையில மூணு விரல் காட்டுறார்ல, அறம் பொருள் இன்பம்னு, அந்தக் கை நெஞ்சுக்கு முன்னாடி இருக்கு. நேர் எதிர்ல நின்னு நிழலுருவமா எடுத்தா கை உடம்போட ஒட்டிப்போயி, தூரத்துல இருந்து பார்க்க ஒரு தூண் நிக்கிற மாதிரி ஆயிடும். கரையோரமா கொஞ்சம் நடந்து, பக்கவாட்டுல கையும் இடுப்பு வளைவும் வானத்துல தனியா பிரிஞ்சு தெரியற இடம் கிடைக்குதான்னு பாரு. சிலையைச் செஞ்ச வி. கணபதி ஸ்தபதி அந்த இடுப்புல நடராஜருக்கு இருக்கற மாதிரி ஒரு சின்ன ஒசிவு குடுத்திருக்காரு, அது நிழலுருவத்துல தெரிஞ்சாலே படத்துக்கு உயிர் வந்துடும்.

முகம் வேணும்னா காலைல தூங்கு, சாயந்திரம் வா. சிரிக்காத, நிஜமாத்தான் சொல்றேன். மேற்கு வெளிச்சம் கரைப் பக்கம் இருந்து அவர் மேல விழும், காலைல கறுப்பா இருந்த அதே கல்லு தேன் கலருக்கு வரும். டிசம்பர்ல சூரியன் தென்மேற்குல சாயறதால வெளிச்சம் பக்கவாட்டுல போயிடும், ஏப்ரல் மே மாசத்துல கொஞ்சம் வடக்கே தள்ளிச் சாயறதால முகத்துக்கு இன்னும் நல்லா வரும். காலையிலும் இதே கணக்குதான், கிழக்கைப் பார்த்து நின்னா ஜூன்ல சூரியன் இடது பக்கம் தள்ளி ஏறும், டிசம்பர்ல வலது பக்கம், வருஷத்துல மொத்தம் 47 டிகிரி நகருது. நீ நாலு தடவையும் ஒரே மாசத்துல போயிருந்தா நாலு தடவையும் அதே படம்தான் கிடைச்சிருக்கும்.

மூணாவதா ஒரு வழி இருக்கு. சூரியன் உதிக்கறதுக்கு ஒரு 20 நிமிஷம் முன்னாடி வானம் மெதுவா நீலத்துல இருந்து ரோஸுக்கு மாறும், அப்போ வித்தியாசம் குறைவு, ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே வைக்கற மூலப் படம்) எடுத்தா நிழலைத் தூக்கலாம். ஆனா நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, 8 டிகிரியில இருக்கோம், சூரியன் இங்க கிட்டத்தட்ட செங்குத்தா ஏறும், உதிச்சு 25 நிமிஷத்துல நல்ல வெளிச்சம் முடிஞ்சு போயிடும். ஐரோப்பாக்காரன் வீடியோவைப் பார்த்துட்டு ஒரு மணி நேரம் இருக்குன்னு நினைச்சு டீக்கடையில நிக்காத.

இன்னொண்ணு, நீ அனுப்பின மூணு படத்துலயும் பீடத்தை வெட்டியிருக்க. மொத்தம் 133 அடியில பீடம் 38 அடி, அறத்துப்பாலோட 38 அதிகாரம், மேல 95 அடி பொருளும் இன்பமும். பீடத்தை வெட்டினா அறத்துப்பாலையே வெட்டின மாதிரி ஆகுது தம்பி.

கேள்வி: என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. கரையில இருந்து எடுத்தா சிலை தீக்குச்சி சைஸ்ல வருது, ஜூம் பண்ணினா பிசுபிசுன்னு ஆகுது. வேற வழி இல்லையா சார்? (மதுரை வாசகி)

பதில்: இருக்குங்க. கரைக்கும் சிலைக்கும் ஏறக்குறைய அரை கிலோமீட்டர்னு வச்சுக்குவோம், போன்ல இருக்கற சாதாரண லென்ஸ்ல படத்தோட உயரத்துல பன்னெண்டுல ஒரு பங்குதான் சிலை இருக்கும், அது கணக்கு, போன் மேல தப்பில்ல. (பெரிய கேமராக்காரங்களும் 200 எம்எம் லென்ஸ்ல செங்குத்தா எடுத்தா பாதி ஃபிரேம்கூட நிரம்பாது, 400 வேணும்.) அதனால சிலையைப் பெருசாக்கப் பாக்காதீங்க, சின்னதாவே இருக்கட்டும், முன்னாடி ஏதாவது வைங்க. சங்கு, கலர் மண்ணு விக்கிறவர், கடல்ல முங்கிட்டு ஈரத்துணியோட நிக்கிற பாட்டி, வலை காயப்போட்டிருக்கற கட்டுமரம். பின்னாடி சின்னதா அய்யன். என்னைக் கேட்டா அதுதான் கன்னியாகுமரி. ஸ்கிரீன்ல வானத்தைத் தொட்டு, அந்தச் சூரியன் குறியைக் கொஞ்சம் கீழ இழுத்து வெளிச்சத்தைக் குறைச்சுக்கோங்க, கலர் வெளுக்காது.

கேள்வி: படகுல போகும்போது எடுத்த 60 படத்துல 50 ஷேக். ஸ்டெபிலைசேஷன் ஆன்லதான் இருந்துச்சு. ட்ரைபாட் கொண்டு போயிருக்கணுமோ? (திருநெல்வேலி)

பதில்: படகே ஆடும்போது ட்ரைபாட் எதுக்குங்க, அதுவும் சேர்ந்து ஆடும். ஸ்டெபிலைசேஷன் உங்க கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், அலை தூக்கிப் போடறதை அதால ஒண்ணும் பண்ண முடியாது. ஷட்டர் ஸ்பீடை 1/1000 நொடியில வச்சுட்டு ஐஎஸ்ஓவை (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) ஆட்டோவுல விடுங்க, கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தா வரட்டும். படகு அலையோட உச்சிக்குப் போயி இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி அசையாம நிக்கும் பாருங்க, அப்போ அமுக்குங்க. முழங்கையைக் கம்பியில ஊன்றாதீங்க, இன்ஜின் அதிர்வு நேரா லென்ஸுக்கு வந்துடும்.

படகு சர்வீஸ் கிட்டத்தட்ட காலைல 8 மணியில இருந்து சாயந்திரம் 4 மணி வரைக்கும்தான், அதனால பாறை மேல நின்னு எடுக்கறவங்களுக்கு நல்ல வெளிச்சமே கிடையாது, தலைக்கு மேல வெயில்தான். ஏப்ரல் ரெண்டாவது வாரம், அப்புறம் ஆகஸ்ட் கடைசி, அந்தச் சமயத்துல நடு மத்தியானம் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்கும், கண்ணுக்குழியெல்லாம் கறுப்பாயிடும். அந்த நேரத்துல முகத்தை விட்டுடுங்க, அடியில நின்னு பாதத்தை எடுங்க, கல்லோட கல் சேர்ற கோடு தெரியும், மேல இருந்து வர்ற வெயில் உளி வேலையை நல்லா எடுத்துக் காட்டும். 2024 டிசம்பர் கடைசியில திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், விவேகானந்தர் பாறையில இருந்து நடந்தே போகலாம், பாலத்துல நின்னா பக்கவாட்டு கோணம் கிடைக்குது, முன்னாடி அந்தக் கோணத்துக்குப் படகுல தவம் கிடக்கணும். கூட்டம் நடக்கும்போது பாலம் லேசா அதிரும், அங்கயும் ஷட்டரை வேகமா வைங்க.

கேள்வி: 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் வாங்கினேன். கடல் பாலு மாதிரி வருது, ஆனா ஏதோ குறையுது. என்னன்னு தெரியல. (சென்னை)

பதில்: கடல் குறையுது சார், வேற என்ன. என்டி ஃபில்டர்ங்கறது லென்ஸுக்கு முன்னாடி போடற கறுப்புக் கண்ணாடி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் உள்ள வர்ற வெளிச்சம் பாதியாகும். 1/60 நொடியில எடுக்க வேண்டியது 10 ஸ்டாப் போட்டா 17 நொடி ஆயிடும், அந்த 17 நொடியில அலை எல்லாம் கரைஞ்சு பஞ்சாயிடும். சுத்தி நாலு பக்கமும் அலை அடிச்சு, 2004 சுனாமியையே தாங்கி நிக்கிற சிலைய, குளத்துல நிக்கிற மாதிரி காட்டறதுக்கு எதுக்கு அவ்வளவு காசு? எனக்கு அந்த ஸ்டைல் பிடிக்காது, அது என் குறைன்னே வச்சுக்கோங்க. 6 ஸ்டாப் போட்டுப் பாருங்க, ஒரு நொடி வரும், அலை பாறையில அடிச்சு வழியறது நூல் நூலா தெரியும், கடல் கடலா இருக்கும். ட்ரைபாட் காலை மணல்ல நல்லா அமுக்கிட்டு நடுவுல கேமரா பையைத் தொங்கவிடுங்க, ஆனா காத்துல பை ஊஞ்சல் ஆடாம தரையைத் தொட்டுட்டு இருக்கணும்.

கேள்வி: ஹைதராபாத்ல வேலை பார்க்கிறேன். ஹுசேன் சாகர் புத்தர் சிலைக்கு ராத்திரி கலர் லைட் போடறாங்க. படத்துல சிவப்பா நீலமா ஒரு பொம்மை மாதிரி வருது, மூக்கு வாய் எதுவுமே இல்ல.

பதில்: இது நிறைய பேரை ஏமாத்தற விஷயம். அது வெள்ளைக் கல், மேல சிவப்பு எல்இடி மட்டும் விழும்போது கேமராவோட சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழியும், பச்சையும் நீலமும் காலியா கிடக்கும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) மூணையும் சேர்த்துச் சராசரியா காட்டறதால எல்லாம் சரியா இருக்குன்னு பொய் சொல்லும். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணிப் பாருங்க, சிவப்புக் கோடு வலது ஓரத்துல முட்டிட்டு நிக்கும். ஒன்றரை ஸ்டாப் குறைச்சு எடுங்க, மூக்கு திரும்பி வந்துடும். லைட் கலர் மாறும்போது நடுவுல ஒரு வெளிர் நிறம் வந்தா அப்போ எடுக்கறது இன்னும் சுலபம். டேங்க் பண்ட் ரோடு ஏரிக்குக் கிழக்குப் பக்கம், அங்க நின்னா சாயந்திரம் புத்தர் எதிர்வெயில்ல இருப்பாரு, காலைல போங்க.

ஒரு உபரித் தகவல். அந்த புத்தர் ஒரே கல்லுல செஞ்சது, 1990ல படகுல கொண்டு போகும்போது ஏரியிலேயே மூழ்கி உயிர்ச்சேதம் ஆச்சு, ரெண்டு வருஷம் தண்ணிக்கு அடியில கிடந்து 1992லதான் தூக்கி நிறுத்தினாங்க. அதைச் செதுக்கினவரும் நம்ம ஊர் கணபதி ஸ்தபதிதான், ஆனா இவர் எஸ்.எம். கணபதி ஸ்தபதி, கன்னியாகுமரி சிலையைச் செஞ்சவர் வி. கணபதி ஸ்தபதி. தண்ணிக்கு நடுவுல ரெண்டு சிலை, ரெண்டு கணபதி ஸ்தபதி, போட்டோவுக்குக் கீழ பேர் போடும்போது குழப்பிக்காதீங்க.

கேள்வி: அண்ணா, நாங்க லிவர்பூல்ல இருக்கோம். கிராஸ்பி பீச்ல இரும்பு மனுஷங்க சிலை நூறு இருக்கு, ஆனா இங்க வானம் எப்பவுமே சாம்பல் கலர்தான். எடுத்தா படம் செத்துப்போன மாதிரி இருக்கு.

பதில்: எனக்குப் பொறாமையா இருக்குங்க, நாங்க இங்க வெயிலோட சண்டை போட்டுட்டு இருக்கோம், நீங்க மேகத்தைக் குறை சொல்றீங்க. ஆன்டனி கோர்ம்லி தன் உடம்பையே அச்சு எடுத்து வார்த்த உருவங்க அது, ஒவ்வொண்ணும் 650 கிலோ, மூணு கிலோமீட்டருக்கு நீளவாக்குல, கடலுக்குள்ள ஒரு கிலோமீட்டர் வரைக்கும் நிக்கிறாங்க. 2005ல இருந்து அங்க இருக்கு. அவங்க எல்லாரும் மேற்கே கடலைப் பார்த்துட்டு முதுகைக் காட்டி நிக்கிறாங்க, அதனால நம்ம அய்யன் கணக்கு அங்க அப்படியே தலைகீழ், சாயந்திரம்தான் எதிர்வெளிச்சம்.

சாம்பல் வானம் அந்தச் சிலைங்களுக்கு ரொம்பப் பொருத்தம். இரும்பு துருப்பிடிச்சு, காலைச் சுத்திச் சிப்பி ஒட்டி, மேடும் பள்ளமுமா இருக்கும், வெயில்ல அது கறுப்புக் குச்சியாத் தெரியும், மேகத்துல துருவோட காவி நிறம் ஒவ்வொரு அடுக்கா தெரியும். வானத்தைப் படத்துல சேர்க்கவே சேர்க்காதீங்க, இல்ல முழுக்க வானமாவே விட்டு மூலையில ஒரு உருவத்தை மட்டும் வைங்க. பாதி பாதி வச்சா செத்துத்தான் போகும். கேமராவோட வெளிச்ச மீட்டர் சாம்பல் வானத்தைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும், ஒரு ஸ்டாப் கூட்டிக்கோங்க. ஈர மணல்ல உருவத்தோட பிரதிபலிப்பு வேணும்னா போலரைசரைக் கழட்டி பையில போடுங்க, அது பிரதிபலிப்பை அழிக்கற சாமான்.

முக்கியமா, அங்க ஓதம் (கடல் தண்ணியோட ஏற்ற இறக்கம்) பெருசு, தண்ணி வேகமா ஏறும், மணலுக்கு அடியில சேறு இருக்கு. தூரத்துல நிக்கிற உருவத்துக்கிட்ட நடந்து போகவே போகாதீங்க, லாங் லென்ஸ் வாடகைக்கு எடுங்க. ஓத அட்டவணையைப் பார்த்துட்டு தண்ணி ஏறற நேரத்துக்குப் போயி மேல நடைபாதையில நின்னு எடுங்க, ஒவ்வொருத்தரா முட்டி, இடுப்பு, கழுத்துன்னு முங்கற வரிசை கிடைக்கும். ஒத்தைப் படத்தைவிட அந்த வரிசைதான் அந்தச் சிலையோட கதை.

கேள்வி: சிங்கப்பூர் மெர்லயன் வாயில இருந்து வர்ற தண்ணி படத்துல தெரியவே மாட்டேங்குது.

பதில்: தண்ணிக்குப் பின்னாடி வெளுத்த வானம் இருக்கும், அதான். மெர்லயன் கிழக்கைப் பார்க்குது, காலைல எல்லாரும் நேர் வெளிச்சத்துல முகத்தை எடுக்கறாங்க, நீங்க சாயந்திரம் தண்ணி மேல எதிர்வெயில் படற மாதிரி நின்னு, பின்னாடி இருட்டான கட்டடம் வர்ற கோணத்துல எடுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி மின்னும்.

கேள்வி: சித்ரா பௌர்ணமிக்கு கன்னியாகுமரி போறோம். ஒரு பக்கம் சூரியன் மறைய, இன்னொரு பக்கம் நிலா உதிக்கும்னு சொல்றாங்க. சிலையோட பெரிய நிலாவா எடுக்க முடியுமா? (திருச்சி)

பதில்: முடியும், ஆனா பெரிய நிலாவுக்கு நீங்க பின்னாடி போகணும். எல்லாரும் சிலைக்குப் பக்கத்துல போகத்தான் பாக்கறாங்க. அரை கிலோமீட்டர்ல இருந்து பார்த்தா சிலையோட உயரத்துல ஒன்பதுல ஒரு பங்குதான் நிலா, பொட்டு மாதிரி. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனா சிலை சின்னதாகும், நிலா அதே சைஸ்ல இருக்கும், அப்போ சிலை உயரத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அதை 600 எம்எம்ல இழுத்தாத்தான் நீங்க போஸ்டர்ல பாக்கற படம். மேற்குப் பக்கக் கரையில சிலை தெரியற இடமா முன்னாடி நாளே போயி பார்த்து வச்சுக்கோங்க, நிலா எந்தத் திசையில ஏறும்னு ஆப் இருக்கு, மணல்ல குச்சி நட்டுட்டுக்கூட வரலாம், நான் அப்படித்தான் செஞ்சேன்.

வெளிச்சம்தான் அடுத்த தலைவலி. நிலா மேல படறது வெயில், அதனால இருட்டினதுக்கு அப்புறம் சிலைக்கு ஏத்த மாதிரி செட் பண்ணினா நிலா வெள்ளை ஓட்டை ஆயிடும். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/125 நொடி, மேல ஏறின நிலாவுக்கு இதுதான் கணக்கு, அடிவானத்துல தூசியும் ஈரமும் இருக்கறதால இன்னும் ரெண்டு மூணு ஸ்டாப் கூட வேணும். சூரியன் மறைஞ்சு 10, 15 நிமிஷம் வரைக்கும்தான் வானமும் சிலையும் நிலாவும் ஒரே அளவுக்குள்ள இருக்கும். பௌர்ணமி அன்னைக்கு நிலா கொஞ்சம் தாமதமா ஏறினா அந்த நேரம் தப்பிடும், அதனால ஒரு நாள் முன்னாடியே வந்துடுங்க. சதுர்த்தசி நிலா பகல் வெளிச்சம் இருக்கும்போதே ஏறிடும், வட்டத்துல குறை யாருக்கும் தெரியாது, கூட்டமும் பாதிதான் இருக்கும்.

கேள்வி: கடற்கரைக்குப் போயிட்டு வந்தாலே லென்ஸ்ல ஒரு படலம். கர்ச்சீப்பால துடைக்கலாமா? (தூத்துக்குடி)

பதில்: ஐயோ வேண்டாம். காஞ்ச உப்பு மணல் மாதிரி, துடைச்சா கோட்டிங்ல கீறல் விழும். முதல்ல ரப்பர் பம்ப்பால ஊதுங்க, அப்புறம் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிய துணியால ஒத்தி எடுங்க, அதுக்கு அப்புறம்தான் லென்ஸ் லிக்விட்.

படலம்னு சொன்னதும் என் கதை ஒண்ணு ஞாபகம் வருது. ஒரு தடவை லாட்ஜ்ல ஏசி ரூம் போட்டு, கேமராவை மேஜை மேலயே வச்சுட்டு நிம்மதியா தூங்கி, காலைல அஞ்சரைக்கு நேரா கரைக்கு ஓடினேன். வெளிய காத்துல இருந்த ஈரம் முழுக்க குளிர்ந்த கண்ணாடி மேல வந்து உட்கார்ந்துடுச்சு. துடைக்கத் துடைக்க திரும்பப் பூக்குது. அன்னைக்கு வானம் மாதிரி வானம் நான் அப்புறம் பார்க்கவே இல்ல, என்கிட்ட இருக்கற 30 படமும் பனிமூட்டம். இப்போ ராத்திரியே கேமராவை பையில போட்டு ஜிப்பை மூடி, எழுந்ததும் முதல் வேலையா பையை வராந்தாவுல வச்சுட்டுத்தான் பல்லு விளக்கப் போறேன், அரை மணி நேரம் கழிச்சுத்தான் ஜிப்பைத் திறப்பேன்.

கேள்வி: சிலை படத்தைக் காலண்டர் போட்டு விக்கலாமா? யாராவது கேஸ் போடுவாங்களா? (சிவகாசி)

பதில்: பொது இடத்துல நிரந்தரமா இருக்கற சிற்பத்தை போட்டோ எடுத்து வெளியிடறது காப்புரிமை மீறல் இல்லைன்னு நம்ம 1957 காப்புரிமைச் சட்டத்துல பிரிவு 52லயே இருக்கு. எல்லா நாட்டுலயும் இப்படி இல்ல. கோபன்ஹேகன்ல 1913ல வச்ச சின்ன கடற்கன்னி சிலைக்கு, சிற்பியோட வாரிசுங்க ஒரு பத்திரிகை மேல கேஸ் போட்டு அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2023லதான் பத்திரிகை பக்கம் தீர்ப்பு வந்துச்சு. ட்ரோன்ல எடுக்கறது வேற விஷயம், அது எங்க பறக்கலாம்ங்கற அனுமதி சம்பந்தப்பட்டது, அரசோட ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்காம பறக்கவிடாதீங்க.

கேள்வி: ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்து குடும்பத்தோட கன்னியாகுமரி போனோம், சிலையைச் சுத்தி சாரம் கட்டி வச்சிருந்தாங்க. ஒரு படம்கூட எடுக்காம திரும்பிட்டோம். (புனே)

பதில்: அடடா, இது என்னங்க, கிடைச்ச பொக்கிஷத்தை விட்டுட்டு வந்திருக்கீங்க. கல்லுக்குள்ள இறங்கின கடல் உப்பை எடுக்க காகிதக் கூழைப் பூசி, காய வச்சு, உரிச்சு, மேல ரசாயனப் பூச்சு குடுப்பாங்க, சில வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கற வேலை. அந்தச் சமயம் அய்யன் காதுக்குப் பக்கத்துல ஒரு மனுஷன் கயிறு கட்டிட்டு நிக்கிறதைப் பார்த்தாத்தான் அந்தக் காது எவ்வளவு பெருசுன்னே புரியும். வெறும் வானத்துல எடுத்தா 133 அடியும் ஒண்ணுதான், 13 அடியும் ஒண்ணுதான். மேகமா இருந்தா இன்னும் நல்லது, சாரக் கம்போட நிழல் முகத்துல கோடு போடாது. வாசகர்கள்ல யாராவது அந்த நேரத்துல எடுத்திருந்தா அனுப்பி வைங்க, அடுத்த இதழ்ல போடலாம்.